சாம்பல் நிறத்துக்குள் ஒரு வீடு

கடலை இன்னும் கொஞ்சம் வெளிறச் செய்யச் சொல்லிக் கொழும்பிலிருந்து செய்தி வந்தபோது, றாஸிக் இடுப்பில் கட்டிய சாரனோடு கட்டிலில் சம்மணமிட்டு, மடிக்கணினியைத் தலையணையில் வைத்துக்கொண்டு, அந்தக் கடலுக்கு ஏற்கனவே இரண்டு தரம் நிறம் மாற்றியிருந்தான். ஃபோனில் வாடகைக் கார் பிடிக்கிற எப் ஒன்றின் வரைபடத்தை அழகுபடுத்துவதுதான் அவனுடைய உத்தியோகம். தெருவின் தடிப்பு, பூங்காவின் பச்சை, ஊர்ப்பெயரின் எழுத்தளவு எல்லாம் அவன் விரல் நுனியில். தெருவை மட்டும் ஓர் அங்குலம் நகர்த்த முடியாது; அது வேறு யாரோ போட்டது. இருப்பதற்குப் பூச்சுப் பூசலாம், இல்லாவிட்டால் கண்ணில் படாமல் ஒளிக்கலாம். இலங்கையைச் சுற்றியுள்ள முழுக் கடலுக்கும் நிறம் சொல்லும் அதிகாரம் பெற்ற இந்தப் பெரிய மனிதனுக்கு, தான் படுக்கும் அறைச் சுவர் ஏன் இப்படி ரோசாப்பூ நிறத்தில் இருக்கிறது என்று கேட்கும் தைரியம் மட்டும் இன்னும் வரவில்லை.

கேட்கவும் முடியாது. அது மசூர் மாமாவின் பூச்சு. கட்டாரில் வெயில் குடித்துக் கட்டிய மருதமுனை வீட்டை ஒரே மகள் பஸ்மிலாவின் பெயரில் எழுதி, ஒலுவிலிலிருந்து றாஸிக்கை மாப்பிள்ளையாகக் கொண்டுவந்து இறக்கினார். பெண் வீட்டுக்கு மாப்பிள்ளை வருவது இந்தப் பக்கத்து வழமை. யாரும் அவனைக் கடத்திக்கொண்டு வரவில்லை. சொந்தக் காலில், புதுத் தொப்பியோடு, பல்லைக் காட்டிக்கொண்டுதான் உள்ளே வந்தான். மாமி மவுத்தாகி மண்ணுக்குள் போன பிறகு மாமா மருமகனை இன்னும் இறுக்கமாக நேசிக்கத் தொடங்கினார். மீனில் நடுத்துண்டு அவனுக்கு. மின்விசிறி அவன் பக்கம். கேற்றில் கை வைத்தால், "எங்க போறீங்க மகன்?" என்ற குரல் அவனுக்கு முன்னால் போய்க் கேற்றில் நிற்கும். சிறையென்றால் சுவரில் தலையை முட்டலாம். இந்த அன்பில் முட்டினால் உடனே தலைக்குத் தைலம் தேய்த்துவிடுவார்கள்.

கம்பனி இப்போது, கொழும்பு அலுவலகத்துக்கே வந்து வேலை செய், முடியாதென்றால் வேறு ஆளைப் பார்க்கிறோம் என்கிறது. இன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு ஒலிக்குமுன் பதில் அனுப்ப வேண்டும்; அதற்கும் முன் மாமாவிடம் சொல்ல வேண்டும்.

"இண்டைக்கு வாப்பாக்கிட்டச் செல்லிருவீங்கதானே மச்சான்?" என்று காலையில் இடியப்பத்தை வைக்கும்போதே பஸ்மிலா கணவனிடம் கேட்டாள்.

"நீ செல்லன். ஒண்ட வாப்பாதானே."

"நானா? எனக்கெண்டு ஊடு கட்டின மனிசன்ட மூஞ்சப் பாத்து, ஒங்கட ஊடு வேணாம் எண்டா?"

அவளுக்கும் போக ஆசைதான். பிறந்து வளர்ந்த வீட்டுக்கே மணமகளாகவும் வந்தவள். வாழ்க்கையில் ஒரு தரமாவது பெட்டி கட்டிப் பார்க்க வேண்டும் என்று இரவில் காதுக்குள் சொல்வாள். மாமாவுக்குக் கேட்டுவிடும் என்பதால் காதுக்குள்.

பகல் சாப்பாடு முடிந்து, சொல்ல வேண்டிய வசனத்தை அவன் மனதுக்குள் திருத்திக்கொண்டிருந்தபோது, மாமாவே ஃபோனை நீட்டிக்கொண்டு வந்தார்.

"மருமகன், கடைக்கார ஸப்ரி ஒங்கட கார் எப்ப ஃபோன்ல காட்டினான். கல்முன இரிக்கி, பாண்டிருப்பு இரிக்கி. நம்மட ஊடு எங்க?"

"சின்னத் தெரு, ஒழுங்கையெல்லாம் மறைக்கச் சென்னாங்க மாமா. பாக்க நெருக்கமா இரிக்காம."

"அப்ப நாமதான் நெருக்கமா?" மாமா சிரித்தார். ஆனால் அவர் விரல், திரையின் சாம்பல் வெளியில் எதையோ தவறவிட்டது போலத் தடவிக்கொண்டே இருந்தது.

இதுதான் சமயம் என்று றாஸிக் வாயைத் திறந்தான். அந்த விரலைப் பார்த்தான். கை மடிக்கணினியை இழுத்தது. ஒளித்து வைத்த ஒழுங்கைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, கடைசி மதிலை ஒட்டிய சின்னச் சதுரத்துக்கு ரோசாப்பூ நிறம் கொடுத்தான். அவனுடைய திரையை விட்டு வெளியே போகாத, எந்தக் காரும் தேடி வராத வரைபடம்.

"யா அல்லா, நம்மட கலரே!" மாமாவின் கண் நிறைந்துவிட்டது. "எழும்புங்க மகன். ஒங்களுக்கு ஒண்டு காட்டணும்."

கூட்டிப்போனது மொட்டை மாடிக்கு. தூண்களில் துருப்பிடித்த கம்பிகள் வானத்தைப் பார்த்து நின்றன. தென்னைகளுக்கு அப்பால் கடல், வெளிறவே இல்லை. மாமா ஒரு செங்கல் துண்டை எடுத்துக்கொண்டு குந்தினார்.

"வேப்ப மரத்துக்குக் கீழ நிண்டு நிண்டு கொழும்புக்குக் கதைக்கிறீங்க. நான் கண்டனான். எனக்கு வெக்கமாப் போச்சு. ஊட்டுக்குள்ள ஒங்களுக்கு ஒரு எடமில்ல எண்டுதானே?" செங்கல் தரையில் கரகரவென்று ஓடத் தொடங்கியது. "மேசனுக்குச் செல்லிட்டன். நாளைக்கு மண் வருது. ஒபிஸ் றூம். ஏசியும் போடுவம். பிறகு என்னத்துக்கு வெளிய போகணும்? கால எடுங்க."

றாஸிக் காலைத் தூக்கினான். கோடு அடியால் போனது. காலைக் கீழே வைத்தபோது அவன் உள்ளே இருந்தான். மறுபடி தூக்கி வெளியே வைத்திருக்கலாம். அது மரியாதையாக இருக்குமா என்று யோசித்துக்கொண்டே நின்றான்.

ஈர உடுப்பு நிறைந்த பிளாஸ்டிக் பேசினோடு மேலே வந்த பஸ்மிலா கோடுகளைப் பார்த்தாள். கொடிப் பக்கம் போகவில்லை. பேசினை இடுப்பில் அணைத்தபடியே கணவனைப் பார்த்தாள். பேசினிலிருந்து சொட்டிய நீர் அவள் காலடியில் தேங்கியது.

அஸர் பாங்குக்காகப் பள்ளிவாசலில் யாரோ ஒலிவாங்கியைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

மூன்று பக்கம் முடித்த மாமா, நாலாவதில் நிறுத்தினார். "கதவ எங்கால வைக்க?"

"மாமா" என்றான் றாஸிக்.

"செல்லுங்க மகன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். மேற்கு வெயிலுக்கு ஒரு கண்ணை இடுக்கியிருந்தார். தாடியில் சிவப்புத் தூள். செங்கல் துண்டு, இன்னும் கோடு விழாத தரையில் அழுத்தி நின்றது.