பாக்கியநாதனுக்கு ஒரு குழி

கல்கத்தாவின் பெஹாலாவில் உள்ள அந்தத் தமிழ்ச் சபையின் கல்லறைத் தோட்டத்தில் பதினெட்டு வருஷம் குழி வெட்டியவர் பாக்கியநாதன். வெள்ளிக்கிழமை நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அவருக்கு அங்கேயே ஆறடி மண் கேட்டு, மனைவி லீதியாள் சபைச் செயலர் ஆசீர்வாதத்தின் வீட்டுக்கு இரண்டு நாளில் மூன்று தடவை போய்விட்டாள்.

"அது சபையைத் தொடங்கின குடும்பங்களுக்கு உள்ள இடம்," என்றார் அவர். உட்காரச் சொல்லவில்லை. "பொதுக் கல்லறைக்குக் கொண்டு போ."

"அங்க முழங்கால் தண்ணி நிக்குது ஐயா. மழை வடியணுமாம். ஆஸ்பத்திரியில உடம்பை நாளைக்கு மேல வைக்க மாட்டாங்க."

"ஊர்லயே உங்க தெருவுக்குக் கல்லறை தனிதானே? இங்க வந்து புதுசா என்ன கேக்குற?"

லீதியாள் கல்கத்தா வரைக்கும் அந்தத் தெரு துரத்தி வராது என்று நம்பித்தான் கல்யாணமான மாசமே புருஷனோடு ரயிலேறினாள்.

ஞாயிறு காலை ஆராதனை நடக்கும்போது சவ வண்டி கோயில் வாசலில் வந்து நின்றது. டிரைவர் அவசரப்படுத்தினான். "ஏக்டு தாடான், தாதா," என்று கொஞ்சம் பொறுக்கச் சொல்லி மகள் மஹிமா அவனிடம் வங்காள மொழியில் கெஞ்சினாள்.

லீதியாள் மழையில் நனைந்த சேலையோடு பீடம் வரைக்கும் நடந்தாள்.

"போதகரே, உங்க பாக்கியநாதன் வாசல்ல கிடக்காரு. எங்க கொண்டு போகட்டும்?"

வந்து ஆறு மாதமே ஆன இளம் போதகர் செயலரைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். ஆசீர்வாதம் பாடகர் குழுவுக்குக் கை காட்ட, பாட்டு தொடங்கியது.

அவள் வெளியே வந்து, கோயிலை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் சாத்தியிருந்த கணவனின் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மதிலோரம் வெட்ட ஆரம்பித்தாள். மஹிமா வெறுங்கையால் சேற்றை அள்ளிப் போட்டாள். அள்ள அள்ளத் தண்ணீர் ஊறியது. "கர்த்தாவே, இதையாவது தாரும்," என்று ஒவ்வொரு வெட்டுக்கும் புலம்பினாள் லீதியாள். உள்ளங்கை கிழிந்தது.

பாட்டு முடிந்ததும் கூட்டம் தாழ்வாரத்தில் வந்து நின்றது. ரிடையரான நர்ஸ் விஜயா மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினாள்.

"எங்க வீட்டுக்காரருக்குக் குழி வெட்டினது இவர்தான். தள்ளு, நான் அள்ளுறேன்."

"போலீசைக் கூப்பிடுவேன்," என்று கத்தினார் ஆசீர்வாதம்.

"கூப்பிடுங்க. நானும் இருக்கேன்."

டிரைவரும் இறங்கி வந்து கை கொடுத்தான். இடுப்பளவு ஆழத்துக்கு மேல் தோண்ட முடியவில்லை. பெட்டியை இறக்கியபோது அது ஒரு பக்கம் மிதந்து சாய்ந்தது. மஹிமா ஓவென்று அலறினாள். கடைசியில் போதகர் வந்தார். ஜெபத்தைச் சொல்லிவிட்டு, லீதியாளின் முகத்தைப் பார்க்காமல் போனார்.

"கமிட்டி கூடட்டும். பெட்டியை வெளியே எடுக்க வைக்கிறேன்," என்றார் ஆசீர்வாதம். சபையார் ஒவ்வொருவராகக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

மத்தியானம் மறுபடி மழை பிடித்தது. மண்மேடு கரையக் கரைய லீதியாள் இரண்டு கையாலும் வழித்துச் சேர்த்தாள்.

"வீட்டுக்கு வாம்மா," என்று தோளைத் தொட்டாள் மஹிமா.

"நான் போனா தோண்டிருவாங்க."

"எத்தனை நாளைக்கும்மா இப்படியே இருப்ப?"

லீதியாள் முந்தானையை அந்த ஈர மண்ணின் மேல் விரித்துப் படுத்துக்கொண்டாள்.