சூடம் அணைத்த கைகள்

1997 ஆடியில் சீவலப்பேரி கீழத்தெருவில் முத்துமாலையின் கையில் கொதிக்கிற வெந்நீர் கொட்டியபோது அவளுக்குக் கடுகளவு கொப்புளம்தான் வந்தது. அதே நேரத்தில், தத்தம் வீட்டில் இருந்த வேறு நான்கு பெண்களின் கையிலும் கடுகளவு கொப்புளம் வந்தது. அந்த வாரம் மிளகாய் வற்றல் விலையும் கொஞ்சம் ஏறியது.

கொப்புளம் பங்கானதற்குக் காரணம் சர்க்கார் உதவிதான். ஊராருக்குத் துணி வெளுத்தே காலம் தள்ளிய அந்தத் தெருவுக்குள் அதுவரை ஓட்டுக் கேட்பவர்களைத் தவிர யாரும் வந்ததில்லை. அந்த வருடம் கிராம சேவிகா வந்து, ஐந்து பெண்களைக் குழுவாக்கி, கடனில் மிளகாய் அரைக்கும் மிஷின் வாங்கித் தந்தார். ஒருத்திக்கு ஒருத்தி பொறுப்பு என்று கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. வெறும் கையெழுத்தை நம்பி யார் ஜாமீன் நிற்பார்கள்? ஐவரும் சுடலைமாடன் கோயிலுக்குப் போய், எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டார்கள். திட்டத்தில் அப்படி ஒன்றும் கேட்கவில்லையே என்றார் சேவிகா. கேட்காததைக் கொடுத்தால் சுடலை வேண்டாம் என்பாரா?

அதன்பின் ஒருத்தி கண்ணில் பொடி விழுந்தால் ஐந்து பேரும் இலேசாகக் கண்ணைக் கசக்கினார்கள். தலைவலிகூடப் பங்கானதால் வேலை நிற்கவில்லை. பொடி ஆற்றங்கரை ஊர்கள் வழியாக ஏரல் வரை போயிற்று. வழிநெடுகக் குழுக்கள் முளைத்தன. சேவிகா எல்லாவற்றையும் ஒரே கூட்டமைப்பாக்கினார். மறுவருடம் ஐவரில் இளையவளான கோமுவுக்கு நெஞ்சுநோவு வந்தது. மதுரை டாக்டர் இருதயத்தில் ஆபரேஷன் செய்ய வேண்டும், பிழைப்பது சந்தேகம் என்றார்.

தெரு நடுங்கிப்போயிற்று. வலி பங்காகும், சரி. சாவு பங்காகுமா, இல்லை ஆளுக்கு முழுசாக வருமா? பூசாரிக்கும் தெரியவில்லை. முத்துமாலை தூங்கும் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவே பயந்தாள். அவள் புருஷன் பிச்சைக்கண்ணு பூசாரியிடம் ஒரு வழி கேட்டு வந்தான்: எரிகிற சூடத்தின் மேல் நால்வரும் தண்ணீர் ஊற்றினால் ஒருத்தியை மட்டும் சத்தியத்திலிருந்து கழித்துவிடலாம்.

"அவளக் கழிச்சி விட்டுருளா. நம்ம பிள்ளைகளுக்கு நீ வேணும்" என்றான்.

கோயிலுக்குக் கோமுவே வந்திருந்தாள். கழித்துவிடுங்கள், எனக்கு வருத்தமில்லை என்று சொன்னாள். முத்துமாலை செம்பை எடுத்தாள், தண்ணீர் தளும்பியது. கோமுவின் படபடப்பு இவள் நெஞ்சிலும் அடித்தது.

"பயமாத்தான் இருக்குட்டீ. ஆனா இன்னைக்கு ஒன்னயக் கழிச்சா, நாளைக்கு என்னயக் கழிக்க எம்புட்டு நேரமாவும்?" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைத் தரையில் கொட்டினாள்.

செய்தி கேட்டு, கூட்டமைப்புப் பெண்கள் ஏரல் வரையிலிருந்தும் பஸ் பிடித்து வந்தார்கள். பங்கு கூடினால் பாரம் குறையும் என்பது அவர்கள் கணக்கு. வந்தவர்களில் பாதிப் பேர் கோயில் வாசலிலேயே பயந்து அடுத்த பஸ்ஸில் திரும்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மீதிப் பேர் சூடம் அணைத்தார்கள்.

ஆபரேஷன் அன்று சீவலப்பேரியிலிருந்து ஏரல் வரை ஒரு மிஷினும் ஓடவில்லை. பெண்கள் பிள்ளைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மதுரையில் கோமுவின் இருதயம் நின்றது. ஆற்றங்கரை நெடுகச் சூடம் அணைத்த அத்தனை பேருக்கும் மூச்சு வரவில்லை. வாய் திறந்தபடி இருந்தார்கள். பிறகு வந்தது. மதுரையிலும் வந்தது.

இப்போதும் அவர்களில் யார் படியேறினாலும் நடுவில் ஒரு மூச்சு தப்பும். அது கோமுவுக்குப் போனது என்று சொல்லிக்கொண்டு, கொஞ்சம் நின்றுவிட்டு ஏறுவார்கள்.