வேலிக்கு அந்தப் பக்கம் பூக்கும் ரோஜா

லோதார் கையில் மடக்கு அளவுகோலோடுதான் பிறந்திருப்பார் என்று எனக்கு வெகுநாள் சந்தேகம். லைப்சிக்கில், ஆளுக்கொரு துண்டு நிலம் பிரித்துக் கொடுக்கும் எங்கள் சங்கத் தோட்டத்தில், அவருக்கும் எனக்கும் ஒரே வேலி. வேலியோரம் நான் வைத்த இளஞ்சிவப்புக் கொடி ரோஜா வெயிலைத் தேடி அவர் பக்கமே சாய்ந்து பூக்கும். வேர் என்னிடம், பூ அவரிடம். நியாயமாகப் பார்த்தால் நான்தான் கோபப்பட வேண்டும். கோபப்பட்டதோ அவர்.

"மார்லிஸ், உங்க கொடி எல்லை தாண்டி வந்திருக்கு. விதிப்படி நான் வெட்டிடலாம், தெரியுமில்ல?" என்பார், வருஷா வருஷம்.

"வெட்டுங்களேன், யாரு கையப் பிடிச்சா?" என்பேன்.

அவர் மனைவி எல்கே சிரித்துக்கொண்டே ஒரு கொத்தை ஒடித்துக் காப்பி மேசையில் வைப்பாள். அவளுக்கு அந்தப் பூ என்றால் உயிர்.

லோதாருக்கு உள்ளூர எரிச்சல். அவர் மருந்தடித்து மருந்தடித்து வளர்க்கும் ரோஜாக்களுக்கு ஒரு மழை பெய்தால் போதும், கரும்புள்ளி விழுந்து இலை கொட்டிவிடும். என் கொடி ஒரு சொட்டு மருந்து கண்டதில்லை. உறைபனியிலும் கருகாமல் நிற்கும். ஜூனில் ஒரே ஒரு தடவை கொள்ளை கொள்ளையாகப் பூக்கும்.

இந்த வருஷம் நிஜமாகவே வெட்டிவிட்டார். எல்கேவுக்கு நினைவு தப்பிக்கொண்டே போனதால் குளிர்காலத்தில் அவளை முதியோர் இல்லத்தில் சேர்த்திருந்தார். தனி மனுஷன், கை சும்மா இருக்குமா? வசந்தத் தொடக்கத்தில் மஞ்சள் ஃபோர்சித்தியாப் புதர் பூத்ததும் ரோஜாவைக் கவாத்து செய்ய வேண்டும் என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. தன் செடிகளை வெட்டியவர், வேலிமேல் கிடந்த என் கொடியையும் சேர்த்து வழித்துவிட்டார். அவர் செடிகளுக்கு அந்தக் கணக்கு சரி. என் கொடி போன வருஷத்துத் தண்டில்தான் பூக்கும்; அதை வெட்டினால் அந்த வருஷம் பூ கிடையாது.

ஜூன் வந்தது. அவர் பக்கம் வெறும் இலை, நோய் நொடி இல்லாத பளபளப்பான இலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலியருகே வந்து நின்றார். கையில் அளவுகோல் இல்லை.

"பூ எங்க, மார்லிஸ்?"

"உங்க உரக்குழில போய்த் தேடுங்க!"

அவர் வேலியைப் பிடித்துக்கொண்டார்.

"எல்கே கேட்டுக்கிட்டே இருக்கா, அந்த ரோஜா பூத்துருச்சான்னு. என் பேரே அவளுக்கு ஞாபகம் இல்ல. இது மட்டும் இருக்கு" என்றார்.

நாக்கு நுனியில் இருந்த மிச்ச வசவை விழுங்கினேன். என் பக்கத்துக் கொட்டகைக்குப் பின்னால், அவர் கத்தரிக்கு எட்டாத நிழலில், அதே கொடியில் இரண்டு கொத்து பூத்திருந்தது. இரண்டையும் நறுக்கினேன்.

"வாங்க, நானும் வரேன்."

முதியோர் இல்லத்தில் எல்கே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். எங்கள் இருவரையும் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. பூவைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டினாள்.

"மார்லிஸ் வீட்டு ரோஜால்ல இது! அவ பெரிய வாயாடி. ஆனா நல்லவ."

இரண்டு கொத்தையும் அவள் மடியில் வைத்தேன்.

பிறகு லோதாரின் சட்டைக் கையைப் பிடித்துக் கிட்டே இழுத்தாள்.

"ஐயா, ஒரு உபகாரம். எங்க வீட்டுக்காரரு இத வெட்டுவேன் வெட்டுவேன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. வெட்ட மாட்டாரு, எனக்காகத்தான் விட்டு வச்சிருக்காரு. இருந்தாலும் நீங்க கொஞ்சம் பாத்துக்கோங்க."

லோதார் அவள் கையைத் தன் இரு கையாலும் பொத்திக்கொண்டார்.

"பாத்துக்கறேங்க" என்றார். "இனிமே அந்த ஆளக் கிட்டவே விட மாட்டேன்."