கொடியில் காயப்போட்ட ஓடை

ஓடைக்குச் சிக்கெடுத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். அதனால் எழுத்து அங்கங்கே நனைந்திருக்கும். ஒரு கை சீப்பில், ஒரு கை பேனாவில்.

எங்கள் ஊரில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வெள்ளிக்கிழமைதோறும் ஏதாவது ஒன்றைக் கொடுத்து அனுப்புவார்கள். திங்கட்கிழமை வரைக்கும் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருத்திக்கு வேப்பமரம், ஒருத்தனுக்குப் பாறை, ஒருத்தனுக்குக் காற்று. சுற்றுச்சூழலைப் புத்தகத்தில் படித்தால் மண்டையில் ஏறாது, வீட்டில் ரெண்டு நாள் வைத்திருந்தால்தான் அதன் அருமை தெரியும் என்பார் ஜெசிந்தா டீச்சர். இந்த வாரம் என் மகள் இலக்கியாவுக்கு ஓடை வந்தது.

பாயைச் சுருட்டுவதுபோல் சுருட்டி, சணல் கயிற்றால் கட்டிக் கொடுத்திருந்தார்கள். தோளில் வைத்துக்கொண்டு வந்தாள். சீருடை முதுகெல்லாம் ஈரம். கூடவே ஒரு நோட்டு. என்ன நடந்தாலும் பிள்ளை தன் கையாலேயே அதில் எழுத வேண்டும். அட்டைக்கு உள்பக்கம் விதி ஒட்டியிருந்தது. கொடுத்ததை வீணாக்கினால் பிள்ளையைத் திட்ட மாட்டார்கள். வீட்டில் யார் வீணாக்கினார்களோ அவர்கள் வந்து மூன்றாம் வகுப்பில் உட்கார வேண்டும், கற்றுக்கொள்ளும்வரை.

போன வருஷம் மூன்றாம் வகுப்பில் படித்த சபரியின் அப்பா வேப்பமரத்தை டீக்கடை அடுப்புக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு மறந்துபோனார். நாலு மாதம் கடைசி பெஞ்சில் இருந்தார். முழங்கால் உள்ளே போகாது. இப்போதெல்லாம் நிழலில் வண்டியை விடுவதற்கு முன்னால் மரத்திடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறார்.

எங்கள் வீடு ஒரே அறை. வாசற்படியிலிருந்து அடுப்படி வரைக்கும் ஓடையை விரித்தோம். தலைமாட்டுக்கு ஒரு செங்கல் வைத்தோம், ஓட வேண்டுமே. மிச்ச நீளம் கட்டிலுக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. நல்ல நாற்றம். ஷாம்பு பாக்கெட், பால் கவர், யார் வீட்டுத் தலையணையோ, அதன் பஞ்சு.

சனிக்கிழமை எனக்குத் துணி துவைக்கும் நாள். இலக்கியா டியூஷன் போயிருந்தாள். துணியோடு துணியாக ஓடையையும் எடுத்துக் கல்லில் போட்டேன். சோப்பு போடவில்லை, அந்த அளவுக்கு எனக்கும் தெரியும். மூன்று தண்ணீர் விட்டு அலசினேன். அழுக்கு விட்டுப் பளிச்சென்று வந்தது. அந்தச் சந்தோஷத்தில், கைப்பழக்கம், பிழிந்து உதறிக் கொடியில் போட்டு நாலு கிளிப்பும் மாட்டிவிட்டேன்.

மத்தியானம் பக்கத்து வீட்டு மாரிச்செல்வி அக்கா தன் சேலையை எடுக்க வந்தவள் நின்று பார்த்தாள்.

“ஏட்டி செம்பா, ஓடையை நிழல்லல்லா காயப்போடணும்? வெளுத்துப்போச்சு பாரு.”

“காயவே போடக் கூடாதுக்கா.”

“ஆமா, போட்ட பிறவு சொல்லு.”

என் வீட்டுக்காரருக்குப் போன் செய்து சொன்னேன். லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர் பக்கம் போய்க்கொண்டிருந்தார். “பக்கத்துல கிடந்த சட்டையில சாயம் ஏறலையே?” என்று கேட்டார். ஏறவில்லை.

எடுத்தபோது ஓடை அப்பளம்போல் இருந்தது. மடித்தால் ஒடியும். உதறினால் மணல் கொட்டியது.

நான் பயந்திருக்க வேண்டும். பயம் வரவில்லை.

பள்ளிக்கூடம் எங்கள் லைன் வீட்டின் பின்சுவரை ஒட்டித்தான். தினமும் ஒன்பது மணிக்கு ஜெசிந்தா டீச்சர் பெயர் கூப்பிடுவது சுவர் வழியாகக் கேட்கும். நான் பாத்திரம் விளக்கிக்கொண்டே ஒவ்வொரு பெயருக்கும் ‘உள்ளேன் டீச்சர்’ என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வேன். சத்தம் வராது. எனக்குப் பொதுவாகவே சத்தம் வராது.

ஐந்தாம் வகுப்புப் பாதியில் நான் நின்றேன். அந்த வருஷம்தான் ஓடை முதல் தடவை வற்றியது. தண்ணீர் லாரியும் ஒன்பது மணிக்கு வந்தது, பள்ளிக்கூட மணியும் ஒன்பதுக்கு அடித்தது. வீட்டில் குடத்துக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. பிறகு மழை பெய்து ஓடை திரும்பி வந்தது. இனிமேல் பெரியவர்களை நம்ப முடியாது என்று அதை மூன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். இப்போது காலையில் அது தெருவில் விரிந்து கிடக்கும், நாங்கள் மொண்டுகொள்வோம். பிள்ளை வீட்டிலிருந்து அது திரும்பி வரும் திங்கட்கிழமை மட்டும் லாரி. என் பெயரைத்தான் யாரும் திரும்பச் சேர்க்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கடைசியாகப் போன அன்று காலையில் ஓடையில் மொண்ட குடத்தை நான் ஊற்றவே இல்லை. கல்யாணமாகி இதே ஊரில் இந்த வீட்டுக்கு வந்தபோதும் சீர்ப் பாத்திரங்களோடு அதைத் ததும்பாமல் கொண்டுவந்தேன். பரணில் மூடி போட்டு வைத்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் முழுக்கக் காய்ந்த ஓடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்படியே விட்டுவிட்டால் திங்கட்கிழமை நான் வகுப்பில் இருப்பேன். எங்கே உட்காருவது என்றுகூட முடிவு செய்துவிட்டேன். ஜன்னல் பக்கம். பென்சில் சீவும்போது ஒரு வாசனை வருமே, அது அடுப்படி வரைக்கும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை இலக்கியா நோட்டில் எழுதினாள். ‘அம்மா ஓடையைத் துவைத்தாள். அம்மா ஓடையைக் காயப்போட்டாள். ஓடை காய்ந்துவிட்டது.’ எழுதி முடித்ததும் பெரிய குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துப் பார்த்தாள். வெறுங்குடம்தான். அதற்கே ஒரு பக்கமாய்ச் சாய்ந்தாள்.

“என்னட்டி பண்ணுத?”

“ஓடை இல்லன்னா லாரி தினமும் வரும்லாம்மா. நீ பள்ளிக்கூடம் போயிட்டா குடத்தை யாரு தூக்குவா? நான் தூக்கிப் பழகுதேன்.”

நான் ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறினேன்.

ஒரே ஒரு குடம். மூடியைத் திறந்தபோது பதினாறு வருஷத்துக்கு முந்தைய காலைநேரம் வெளியே வந்து, வீட்டுக்குள் கொஞ்சம் நின்றுவிட்டுப் போனது. ஓடையின் தலைமாட்டில் சாய்த்து ஊற்றினேன். முதலில் அசையவில்லை. பிறகு மடிப்பு மடிப்பாக நனைந்துகொண்டே போனது. கட்டிலுக்கு அடியில் போனதும் சத்தம் கேட்டது. இலக்கியா நோட்டை எடுத்து, ‘அம்மா ஓடையை நனைத்தாள். ஓடை கட்டிலுக்கு அடியில் பேசுகிறது’ என்று எழுதினாள். முன்னால் எழுதியதை அடிக்கவில்லை. நல்ல பிள்ளை.

எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் காலிக் குடத்தைக் கவிழ்த்து வைக்கும்போது, அந்த ஜன்னல் பக்கத்து இடத்தில் வேறு யாரோ வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது.

இன்று திங்கட்கிழமை. இலக்கியா நோட்டோடு முன்னாலேயே போய்விட்டாள். ஓடையை நான் கொண்டுபோய் விட வேண்டும். தலை வாராமல் பள்ளிக்கூடத்துக்குள் விட மாட்டார்கள், இரட்டைச் சடை கட்டாயம். சிக்கிலிருந்து ஒரு ஜோடிச் சிவப்பு ரிப்பன் வந்தது. ஓரத்தில் பல் பட்ட தடம். கணக்கு வராதபோது நான் ரிப்பனைக் கடிப்பேன். ஒன்றை இடது சடைக்குக் கட்டியாயிற்று.

சுவருக்கு அந்தப் பக்கம் பெயர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அபினேஷ். இலக்கியா. கவிபாரதி. வழக்கம்போல் வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். ஹேமவர்ஷினிதான் கடைசி. அதற்குப் பிறகு பதிவேட்டை மூடும் சத்தம் கேட்கும். இன்று கேட்கவில்லை.

“செண்பகவல்லி.”

செம்பா என்று சுருங்கிப்போன என் முழுப்பெயர். 

“செண்பகவல்லி! நனைச்சது சரி. காயப்போட்டது காயப்போட்டதுதானே? வாங்க.”

அதே நேரம் தெருமுனையில் லாரி ஹாரன் அடித்தது. என் வீட்டுக் குடம் மூன்றும் காலி. சீப்பைக் கீழே வைக்கவும் முடியவில்லை, வைக்காமலிருக்கவும் முடியவில்லை.

மடியிலிருந்து ஓடை எழுந்தது. கட்டின சடை ஒரு பக்கம், கட்டாத முடி ஒரு பக்கம். இடுப்பில் ஒரு குடம், இரண்டு கையிலும் ஒவ்வொரு குடம். வாசல் தாண்டிப் போய் லாரிக்கு முன்னால் வரிசையில் நின்றுகொண்டது.

“இந்தா, இங்கன வா. இதான் செம்பா நிக்க இடம்,” என்று மாரிச்செல்வி அக்கா தள்ளி நிற்கிறாள்.

டீச்சர் மூன்றாவது தடவை கூப்பிடுகிறார். மிச்சமிருந்த ரிப்பனை என் தலையில் கட்டிக்கொண்டேன். இன்றைக்குத் தொண்டையில் சத்தம் இருக்கிறதுபோல் தெரிகிறது. பேனாவை மூடி வைத்துவிட்டு நான்