கழித்தல் குறி

பால்கனிக் குழாய் ஒழுகுகிறது என்றதும், "பிளம்பருக்குக் காட்டணும்" என்று வீட்டு ஓனர் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார். போனவர் போனவர்தான். வேறு வீடு பார்த்துவிடலாம் என்று போனில் 'நல்ல வாடகை வீடு' என்று தேடினேன். ஈ மொய்ப்பதுபோல் தரகர் விளம்பரங்கள் மொய்த்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நல்ல வீடுன்னா அதுக்கு என்னங்க தெரியும்? வேணுங்கறதைச் சொல்லுங்க, வேண்டாததையும் சொல்லுங்க" என்று மனைவி போனை வாங்கினாள். அவளுடைய தையல் கடை இருக்கும் எங்கள் தெருவின் பெயரை எழுதினாள். 'பால்கனி' கட்டாயம் என்று அதை மேற்கோள் குறிக்குள் அடைத்தாள். 'தரகர்' என்பதற்கு முன்னால், இடைவெளி விடாமல், ஒரு கழித்தல் குறி போட்டாள்.

தரகர்கள் போன இடம் தெரியவில்லை. ஒரே ஒரு வீடு மிஞ்சியது.

"பாத்தீங்களா? நம்ம தெருவேதான். பால்கனியில வெயிலும் வருது."

"படத்தைப் பெருசு பண்ணு."

பெரிதாக்கினாள். கொடியில் என் கோடு போட்ட சட்டை காய்ந்துகொண்டிருந்தது. ஒழுகும் குழாயை மட்டும் ஓனர் அழகாகக் கழித்துவிட்டிருந்தார்.