அடித்தொட்டிக்குள் கேட்ட சத்தம்

கப்பல் வருவதற்கு முன்பே அதைப் பற்றிய பேச்சு கப்பல் பழுதுபார்க்கும் பட்டறைக்கு வந்துவிட்டது. வியட்னாம் ஆற்றில் கண்ணிவெடி பட்டு வயிறு கிழிந்த சரக்குக் கப்பல். மூழ்கிச் செத்த மாலுமிகள் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்கள் என்றார்கள். பிணங்களை வழியிலேயே எடுத்துவிட்டார்கள் என்பது பிறகு தெரிந்தது. ஆனாலும் பேச்சு ஓயவில்லை. அது 1970. போர் நடந்துகொண்டிருந்தது. சிங்கப்பூரின் வடகரையிலிருந்த அந்தப் பட்டறையில் அடிபட்ட கப்பல் ஒன்றைச் சரியாக்கி அனுப்பினால் அடுத்தது வந்து நின்றது.

புஷ்பராணி அங்கே மருந்தறையில் தாதி. எல்லாரும் மிஸி என்று கூப்பிடுவார்கள். மருந்தறைக்கு இரண்டு வாசல். முன்வாசல் வெள்ளைக்காரத் துரைகளுக்கும் கணக்கெழுதும் கிராணிகளுக்கும், பின்வாசல் மற்றவர்களுக்கு. மற்றவர்களிலும் பேதம் உண்டு. சீன வெல்டர்களுக்கும் ஃபிட்டர்களுக்கும் மூச்சுக் கவசமும் குடிக்கப் பாலும் கிடைக்கும். எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கித் துருவைச் சுரண்டும் தமிழர்களுக்கு ஈரத்துணிதான். அவர்கள் காண்டிராக்ட் ஆட்கள். உள்ளே இறங்கும்போது யாரும் பெயர் கேட்பதில்லை, ஏறி வரும்போதும் கேட்பதில்லை.

அவளுக்கு வேலை வாங்கித் தந்தவர் சித்தப்பா ஏரம்பமூர்த்தி, பட்டறையின் தலைமைக் கிராணி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவைத்தார்: "உந்தக் கூலியளோட கனக்கக் கதையாதை பிள்ளை. அவையளும் தமிழ், நாங்களும் தமிழ் எண்டு வெள்ளைக்காரன் ஒண்டாச் சேர்த்துப் போடுவான்."

ஒரு மத்தியானம் லாசரஸ் முன்வாசல் வழியாக உள்ளே வந்தான். தொட்டி சுரண்டுகிறவர்களில் ஒருவன். எந்த வாசல் என்று பார்க்கிற நிலையில் அவன் இல்லை.

"மிஸி, அந்தச் சண்டைல அடிபட்ட கப்பல்ல, மூடிப் போட்ட டாங்குக்குள்ள யாரோ தட்டுறாங்க. ஆளுங்கெல்லாம் பேய்னு சொல்லி மேல ஓடிட்டாங்க. எனக்கு அப்படித் தோணல. நம்ம சூசைநாதனைக் காலைலேர்ந்து காணோம்."

அவன் பின்னாலேயே ஃபோர்மன் ஹார்லன் வந்தார். வேலை நின்றுபோன எரிச்சல் அவருக்கு. "இவன் குடித்திருக்கிறானா என்று முகர்ந்து பார்," என்றார் ஆங்கிலத்தில்.

புஷ்பராணி கிட்டே போய் முகர்ந்தாள். வெற்றிலை, டீசல் வாடைதான் வீசியது. "குடிக்கவில்லை," என்று சொல்லி, லாசரஸ் சொன்னதையும் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னாள்.

"இவர்களுக்குக் குடிக்காமலே பேய் தெரியும்," என்று ஹார்லன் சிரித்தார். "காணோம் என்கிறானே, அவன் கள்ளுக்கடையில் இருப்பான். போய்ப் பாருங்கள்."

கள்ளுக்கடை என்ற சொல் லாசரஸுக்குப் புரிந்தது. "சூசை மாதா கோயில்ல சத்தியம் பண்ணிக் கள்ளை விட்டவன் லா, மிஸி. நீங்களாச்சும் வந்து கேளுங்க."

அவள் மேசையிலிருந்த ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக்கொண்டு நடந்தாள். ஹார்லன் ஏதோ கத்தியது காதில் விழவில்லை. கப்பலேறும் பலகையருகே சித்தப்பா நின்றார்.

"எங்க போறாய்?"

"கேட்டிட்டு வாறன், சித்தப்பா."

கப்பலின் வயிற்றில் வெளிச்சம் குறைவு. சுவர்களில் ஆற்றுச் சேறு காய்ந்து வெடித்திருந்தது. செத்தவர்களின் கை அங்கங்கே பட்டிருக்கும் என்ற நினைப்பு வந்து அவளுக்கு உடம்பு கூசியது. லாசரஸ் காட்டிய இடத்தில் மண்டியிட்டு ஸ்டெதஸ்கோப்பை இரும்பில் வைத்தாள். முதலில் எங்கோ ஓடும் பம்புகளின் இரைச்சல். பிறகு அதற்கு அடியில், டொக். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. நோயாளியின் நெஞ்சைக் கேட்டுப் பழகிய காது அது. தட்டுகிறவனுக்குக் கை தளர்ந்துகொண்டே வருவது அவளுக்குத் தெரிந்தது.

"உள்ளே ஆள் இருக்கிறான். திறவுங்கள்," என்றாள் பின்தொடர்ந்து வந்த ஹார்லனிடம்.

பெயிண்ட் அடித்துச் சோதித்து மூடிய தொட்டி, திறந்தால் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும், மானேஜர் சொல்லாமல் முடியாது என்றார் அவர். சித்தப்பாவும் இறங்கி வந்திருந்தார். "மனேஜர் சாப்பிடப் போயிட்டார் பிள்ளை. அவர் வரட்டும். துரைக்கு மேலால நாங்கள் என்னத்தைச் செய்யிறது?"

அவள் இரண்டு பேரிடமும் மன்றாடினாள். அதற்குள் தட்டும் சத்தம் நின்றுவிட்டது. ஆ கோக் என்ற சீன ஃபிட்டர் மேலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். யாரிடமும் கேட்காமல் ஸ்பானரோடு இறங்கி வந்தான். "ஓராங், ஓராங்," என்று தனக்குத்தானே மலாயில் முணுமுணுத்தான். மனுஷன், மனுஷன். மூடியின் போல்ட்டுகளை அவனும் லாசரஸும் கழற்றினார்கள். திறந்ததும் பெயிண்ட் நெடி மூஞ்சியில் அடித்தது. ஆ கோக்கின் கவசத்தை வாங்கி மாட்டிக்கொண்டு லாசரஸ் உள்ளே இறங்கினான்.

சூசைநாதனைத் தூக்கிக் கிடத்தினார்கள். விட்டுப்போன சுரண்டும் இரும்பை எடுக்கக் காலையில் இறங்கி, நெடியில் மயங்கி மூலையில் விழுந்துகிடந்தவனை யாரும் பார்க்காமல் மூடியிருக்கிறார்கள். அந்த இரும்பு இன்னும் கையில் இருந்தது. உடம்பில் சூடு இருந்தது. புஷ்பராணி வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதினாள். வெகுநேரம் ஊதினாள். பிறகு நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

ஹார்லன் தொப்பியைக் கழற்றினார். அதற்குமேல் எதுவும் செய்யவில்லை.

விசாரணைக்கு முந்தின நாள் சித்தப்பா வீட்டுக்கு வந்தார். "அவனிலை கள்ளு மணத்தது எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் போதும். செத்தவன் செத்திட்டான். நாங்கள் இருக்கிறவையள்."

"மணக்கேல்லை, சித்தப்பா," என்றாள் அவள். விசாரணையிலும் அதையே சொன்னாள். கேட்காத கேள்விக்கும் சேர்த்து, தட்டும் சத்தத்தைக் கேட்ட பிறகும் காத்திருக்கச் சொன்னார்கள் என்றாள். விபத்து என்று முடிவாயிற்று. ஹார்லன் சீமைக்குத் திரும்பிப் போனார். லாசரஸை மறுபடி வேலைக்கு எடுக்கவில்லை. அவளையும் வேண்டாம் என்றார்கள். சித்தப்பா அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

சிராங்கூன் ரோட்டில் ஒரு டாக்டரிடம் அவள் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் வாரமே அது தொடங்கிவிட்டது. காய்ச்சலோடு வந்த ஒரு பெண்ணின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தபோது, துடிப்புக்குப் பதில் இரும்பில் தட்டும் சத்தம் கேட்டது. தளர்ந்து தளர்ந்து வந்தது. பதறிப்போய்க் காதிலிருந்து எடுத்தாள். அந்தப் பெண் பயந்துபோய், "என்னங்க மிஸி, எனக்கு என்ன?" என்றாள். அதற்குப் பிறகு எந்த நெஞ்சில் வைத்தாலும் முதலில் அதுதான் கேட்டது. அது அடங்கும்வரை பொறுத்திருக்கப் பழகிக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

சூசைநாதனின் மனைவி அல்போன்சம்மாள் பஃபலோ ரோட்டில் ஒரு கடைக்கு மேலே குடியிருந்தாள். லாசரஸ்தான் புஷ்பராணியை அங்கே கூட்டிப்போனான். அல்போன்சம்மாள் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவரு தட்டுனதை நீங்கதான் கேட்டீங்களாம். பயந்துபோயித் தட்டுன மாதிரி இருந்துச்சா?"

"இல்லைம்மா. யாரையோ கூப்பிடுற மாதிரி இருந்துது."

"என்னைத்தான் கூப்பிட்டிருப்பாரு," என்றாள் அல்போன்சம்மாள். "கல்லறைத் திருநாளுக்கு வாங்க மிஸி. அவரோட குரலைக் கடைசியாக் கேட்டவங்க நீங்க."

சைவ சமயக்காரியான புஷ்பராணி அந்த நவம்பரில் பிடாடாரி கல்லறைக்குப் போனாள். மறுவருஷமும் போனாள். போர் முடிந்தது, தூரத்திலிருந்த ஈசூனில் வீடு கிடைத்துக் குடிபோனாள், அங்கிருந்தும் பஸ் ஏறி வந்தாள். அல்போன்சம்மாள் ஜெபம் சொல்ல, இவள் மெழுகுவத்தி அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு நிற்பாள்.

1982இல் அப்படி நிற்கும்போது திரும்பிப் பார்த்தாள். கல்லறைத் தோட்டத்தின் வாசலில் சித்தப்பா நின்றுகொண்டிருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று உடம்பு ஒடுங்கிப் போயிருந்தார். அவள் அருகே போனாள்.

"உள்ள வாங்கோ, சித்தப்பா."

"இல்லைப் பிள்ளை. இந்தப் பக்கம் ஒரு அலுவலா வந்தனான்." அல்போன்சம்மாள் இருந்த பக்கம் அவர் கண் போகவில்லை. "அந்த மனுசி என்னை அடையாளம் கண்டிடுமோ?"

"அவ உங்களைப் பாத்ததே இல்லை."

அவர் தலையாட்டினார். போவார் என்று நினைத்தாள். போகவில்லை. அவர்கள் ஜெபம் முடித்து வரும்வரை வெயிலில் அங்கேயே நின்றார். அல்போன்சம்மாள் வெளியே வந்து, "யாரு மிஸி இவரு?" என்று கேட்டாள்.

புஷ்பராணி சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வாசலைத் தாண்டி சூசைநாதனின் கல்லறைப் பக்கம் நடந்தார்.