ஐந்து ஒயினும் ஓர் எவர்சில்வர் டப்பாவும்

பால் பாட்டிலின் மூடி திருக மறுத்தது. கோபாலசாமி வேட்டி நுனியைச் சுற்றிப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினான். கடையின் குளிர்பெட்டியிலிருந்து நேரே எடுத்துவந்த பால். ஜெபல் அலி மயானத்தின் காலை வெயிலில் பாட்டில் வேர்த்துக் கொட்டியது. கலயத்துச் சாம்பலின்மேல் மூன்று முறை தெளித்துவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் அண்ணியைத் திரும்பிப் பார்த்தான்.

பானுமதிக்கும் தெரியவில்லை. ஊரில் என்றால் சொல்லித்தர நான்கு பேர் இருப்பார்கள், தப்பு என்று சொல்ல நாற்பது பேர் இருப்பார்கள். அவளை மயானத்துக்குள்ளேயே விட்டிருக்க மாட்டார்கள். இங்கே கேட்க ஆளில்லை. இறந்துபோன ரெங்கராஜுக்குப் பிள்ளைகள் கிடையாது. மனைவி இவள் ஒருத்தி, ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக்காக இருக்கும் தம்பி கோபாலசாமி ஒருவன். நேற்று கொள்ளி வைத்தவனும் அவன்தான்.

கராமாவில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும் டாக்ஸியில், கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு கோபாலசாமி கேட்டான்.

“அண்ணி, வூட்டுல இன்னைக்கே படையல் போட்டுரணும். அண்ணனுக்குப் புடிச்சது எதுன்னு சொல்லுங்க, வழியில சாமான் வாங்கிட்டுப் போயிரலாம்.”

பானுமதி வாயைத் திறந்தாள்.

கத்தரிக்காய் என்று சொல்ல வந்தாள். அதைச் சுட்டு வைத்திருக்கலாமே என்பார் ரெங்கராஜ். மீன் குழம்பு என்றால் புளி தூக்கல் என்பார். இறால் தொக்கில் ஒரு துண்டு வெல்லம் குறைகிறது என்பார். பத்தொன்பது வருஷம் அவள் கையால் சாப்பிட்ட மனிதருக்கு என்ன பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த மனிதர் போய் இரண்டு நாள் ஆகிறது; இனி கேட்கவும் முடியாது. நெஞ்சு வலி என்றுகூடச் சொல்லாமல், ஹோட்டலில் டியூட்டிக்குக் கோட்டு மாட்டும்போதே சரிந்துவிட்டார்.

“சோறு கொழம்பு எதுவா இருந்தாலும் சரி அண்ணி. கூட ஒரு ஆஃப் பிராந்தி வச்சுருவோம். காலம் பூரா பாட்டிலோடவே கெடந்த மனுசன்,” என்று கோபாலசாமி காலடியில் இருந்த பையைத் தட்டினான். வாங்கியே வைத்துவிட்டான்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பாட்டிலோடு கிடந்தார் என்பது உண்மைதான். மன்னார்குடியிலிருந்து பாத்திரம் கழுவ வந்தவர், ஜுமைராவில் ஒரு பெரிய ஹோட்டலின் பிரெஞ்சு ரெஸ்டாரண்டில், எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் பொருந்தும் என்று விருந்தாளிகளுக்குச் சொல்லி ஊற்றிக் கொடுக்கும் ஆளாக உயர்ந்திருந்தார். பிரெஞ்சு தேசத்தில் லுவார் ஆற்றங்கரையில் வோக்ளேர் என்று ஒரு திராட்சை எஸ்டேட். அவர்களுடைய ஒயின்தான் ஹோட்டலில் பிரதானம். ஒருமுறை ஹோட்டல்காரர்களே அவரை அங்கே மூன்று நாள் அனுப்பினார்கள். திரும்பி வந்து, “நம்ம ஆத்துல தண்ணி வந்த மறுநாள் ஒரு வாசம் வருமே, அந்தக் கெடங்குக்குள்ள அதே வாசம் பானு,” என்றார். அவளுக்குச் சிரிப்பாக வந்தது. வாசம் பார்ப்பது அவருக்கு அப்படியொரு வியாதி. வெள்ளிக்கிழமை காய்கறி வாங்கப் போனால் கொத்தமல்லிக் கட்டை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றுவிடுவார். கடைக்கார மலையாளி, “சாரே, வாங்கறதா, மணக்கறதா?” என்பான். மாம்பழக் காலத்தில் அவரைக் கடையை விட்டுக் கிளப்புவது பெரும்பாடு. அப்படி நின்ற வெள்ளிக்கிழமைகளில் ஒன்றே ஒன்று திரும்பக் கிடைத்தால் போதும் என்று இப்போது இருந்தது.

வீட்டுக்கு ஒரு சொட்டு கொண்டுவந்ததில்லை. “வாயில வச்சுட்டுத் துப்பிடுவேன்” என்று அவர் சொன்னதை அவள் பாதிதான் நம்பினாள். வேலையிலிருந்து வந்தால் குளித்துவிட்டுத்தான் சாமி அலமாரிப் பக்கம் வரலாம் என்பது அவள் சட்டம். ஊரில் கேட்டவர்களுக்கு ஹோட்டல் சூப்பர்வைசர் என்று சொல்லிவைத்தாள்.

அதெல்லாம் பெரிதில்லை. வலித்தது டப்பாதான். மூன்றடுக்கு எவர்சில்வர் டப்பாவில் தினமும் சாப்பாடு கொண்டுபோவார். திரும்பியதும் ஏதாவது ஒரு குறை. “நாளைக்கும் இதே கொழம்பு வையேன், தேங்காப்பால் ஊத்தாம.” “மீனுல புளிக்குப் பதிலா மாங்கா போட்டுப் பாரு.” ஒருநாள் கரண்டியைத் தூக்கிப் போட்டு, “அப்ப ஹோட்டல்லயே தின்னுட்டு வாங்க!” என்று கத்தினாள். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். இடுப்பு வலியில் எழ முடியாத நாட்களில் பருப்புத் துவையலை அரைத்துச் சோற்றில் பிசைந்து, ஒரு சுட்ட அப்பளத்தோடு அனுப்பிவிடுவாள். அன்றைக்கு மட்டும் அவர் ஒன்றுமே சொல்ல மாட்டார். டப்பாகூடக் கழுவித் துடைத்துத்தான் வரும். குறை சொல்லக்கூடத் தோன்றாத அளவுக்குக் கோபம் என்று நினைத்து, மறுநாள் வலியோடு எழுந்து குழம்பு வைப்பாள்.

லிஃப்டிலிருந்து இறங்கியபோது வாசலில் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். நேற்று மயானத்தில் ஓரமாக நின்று அழுதவன். ரவிசங்கர், யாழ்ப்பாணத்துக்காரன், ஒன்பது வருஷமாக ரெங்கராஜுக்குக் கீழே வேலை பார்த்தவன். ஒரு கையில் அந்த டப்பா. மறுகையில் காகிதப் பை.

“அக்கா, அண்ணையின்ர லாக்கரில இருந்தது,” என்று டப்பாவை நீட்டினான். பையிலிருந்து ஒரு பாட்டிலையும் தடித்த அட்டை ஒன்றையும் எடுத்தான். “இது வோக்ளேர்க்காரர் அவருக்கெண்டு குடுத்தது. இந்த அட்டையை நீங்கள் கட்டாயம் பாக்கோணும்.”

ஹோட்டலில் வருஷம் ஒருமுறை நடக்கும் வோக்ளேர் விருந்தின் மெனு. ஐந்து ஒயின், ஐந்து பதார்த்தம். நுரை வரும் ஒயினுக்கு மிளகு தூவிப் பொரித்த நெத்திலி. இனிப்பில்லாத வெள்ளைக்கு மீனும் பச்சை மாங்காயும், தேங்காய்ப்பால் இல்லாமல். லேசாக இனிக்கும் வெள்ளைக்குப் புளியும் வெல்லமும் போட்ட இறால். சிவப்புக்குச் சுட்ட கத்தரிக்காய். கடைசியில் தித்திப்பு ஒயினுக்கு ஏலக்காய் போட்ட பூசணி அல்வா.

பானுமதி இரண்டாம் முறை படித்தாள். மாங்காய் போட்டது சித்திரையில். வெல்லம் சேர்த்தது அதற்கு அடுத்த வாரம். அல்வா தீபாவளிக்குக் கிண்டியது.

“அவர் எங்களுக்குப் படிப்பிச்சது உங்கட சாப்பாட்டிலதான் அக்கா,” என்றான் ரவிசங்கர். “சேர்விஸ் தொடங்க முன்னம் ஆளுக்கொரு கரண்டி தருவார். சாப்பிட்டிட்டு ஒரு வாய் ஒயின், பிறகு வாளியில துப்போணும். எது பொருந்துது, எது சண்டை பிடிக்குது எண்டு கேப்பார். பிறகு செஃப்பிட்டப் போய்ச் சொல்லுவார். போன வருஷம் வோக்ளேர் முதலாளி வந்து, ஆர் இந்தக் கறிகளை யோசிச்சது எண்டு கேட்டவர். அண்ணை, ‘என்ர வீட்டுக்காரி’ எண்டு சொன்னவர்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே தம்பி.”

“உங்கட சோத்தை ஒயினுக்குப் பக்கத்தில வைக்கிறம் எண்டு தெரிஞ்சால் நீங்கள் டப்பாவே தரமாட்டியள் எண்டு பயம்.”

அது நிஜம். தந்திருக்க மாட்டாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இத்தனை வருஷம் ஊர் பேர் தெரியாத விருந்தாளிகளின் நாக்குக்காகத் தன் குழம்பைத் திருத்திக்கொண்டிருந்தாரா? பெருமையாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. ஆனால் டாக்ஸியில் கேட்ட கேள்வி அப்படியேதான் இருந்தது.

“அப்ப அவருக்கு என்னதான் புடிச்சுது?” என்று கேட்டாள். “அதுவாவது உங்களுக்குத் தெரியுமா?”

ரவிசங்கர் அவள் கையிலிருந்த டப்பாவைக் காட்டினான்.

“ஒண்டு இருக்கு அக்கா. பேர் தெரியாது. பருப்பை அரைச்ச மாதிரி, மண் நிறம். சோத்தோட பிசைஞ்சிருக்கும், மேல ஒரு அப்பளம். அதை மட்டும் எங்களுக்குத் தரமாட்டார். ஒருநாள் நான் விடாமல் கேட்டனான், இதுக்கு எந்த ஒயின் அண்ணை எண்டு. ‘இதுக்கு ஒண்ணும் வேணாம்டா. தண்ணி போதும்’ எண்டார். பின் படிக்கட்டில தனிய இருந்து அரை மணித்தியாலம் சாப்பிடுவார். கூப்பிட்டாலும் எழும்பார். டப்பாவையும் அவரேதான் கழுவுவார்.”

பானுமதி டப்பாவின் மூடியைத் திறந்தாள். யாரோ கழுவி வைத்திருந்தார்கள். மூடினாள். பிறகு வீட்டைத் திறந்து நேரே சமையலறைக்குள் போனாள்.

துவரம்பருப்பைச் சிவக்க வறுத்தாள். மிளகாய், பூண்டு, சுண்டைக்காய் அளவு புளி, ஒரு கைப்பிடி தேங்காய். மிக்ஸியில் கரகரப்பாக ஓட்டி நிறுத்தினாள். அடுப்பு நெருப்பில் அப்பளத்தைத் திருப்பித் திருப்பிச் சுட்டாள். இடுப்பு வலித்தது. வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை.

கறுப்புக் கோட்டும், மார்பில் திராட்சைக்கொத்துப் பதக்கமுமாக ரெங்கராஜ் இருந்த படத்துக்கு முன்னால் வாழை இலை விரித்தாள். துவையல் சோற்றை நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து வைத்தாள். பக்கத்தில் அப்பளம். ஒரு டம்ளர் தண்ணீர்.

“இம்புட்டுதானா அண்ணி?” கோபாலசாமிக்குத் தாங்கவில்லை. “ஒரு கொழம்பு, ஒரு கறி இல்லாம? ஊருல கேட்டா நான் என்ன சொல்லுவேன்?” கையில் பிராந்தியை எடுத்துவிட்டான்.

“அத உள்ள வைங்க தம்பி.”

“அப்ப இந்தப் பிரெஞ்சு பாட்டிலயாவது—”

“அதும் வேணாம். இதுக்கு ஒண்ணும் வேணாம்.”

விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு மூவரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். போனவர் வந்து சாப்பிடும்போது ஆள் பார்க்கக் கூடாது என்பது வழக்கம். ஐந்து நிமிஷம் விட்டால் போதும். எதிர் ஃபிளாட்டில் யாரோ கடுகு தாளித்துக்கொண்டிருந்தார்கள். பானுமதி மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள்.

ஐந்து நிமிஷம் ஆனதும் கோபாலசாமி கதவுப் பிடியில் கை வைத்தான்.

“தொறக்கலாமா அண்ணி?”

“இருங்க தம்பி,” என்றாள். “அவரு இத மெதுவாத்தான் சாப்புடுவாரு.”

அவன் கையை எடுத்தான். ரவிசங்கர் கடிகாரத்தைப் பார்த்தான், பதினொன்று ஐந்து. சுவரில் சாய்ந்துகொண்டு நின்றான். அரை மணி நேரம் முடிந்து பதினொன்றரை ஆகும்வரை யாரும் கதவைத் தொடவில்லை.